க்ளட்ச் மேல் இரண்டு விரல்

அம்மா,

இவ்வளவு நேரங்கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். விளக்கு எரிந்தால் உனக்குத் தூக்கம் வராது என்று தெரியும். பாப்பா தூங்கின பிறகுதான் என் கை எனக்குத் திரும்பக் கிடைக்கிறது. நீ எங்களை விட்டுப் போகும்போது அவளுக்கு ஆறு மாதம். இப்போது இரண்டு வயது முடிந்து, தாழ்ப்பாளை எட்டப் பார்க்கிறாள்.

என் மடியில் உன் அரக்குச் சேலை இருக்கிறது. பக்கத்தில் போன். போனில் இருக்கிற ஒரு படத்தையும் இந்தச் சேலையின் கரையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சேலையைப் பிரித்ததும், பூச்சி வராமலிருக்க மடிப்புக்குள் நீ வைத்த வசம்பு கீழே விழுந்தது. அந்த வாசனையில் கொஞ்ச நேரம் எதற்குப் பிரித்தேன் என்பதே மறந்துபோனது.

உன் மாப்பிள்ளைக்குப் பழைய வண்டிகள் மேல் எவ்வளவு பைத்தியம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாடிப்படிக்குக் கீழே சாக்குப் போட்டு மூடியிருந்த இஞ்சின் இல்லாத வண்டியைப் பார்த்துவிட்டு, "இது எப்ப மாப்பிள்ள எழுந்து நடக்கும்?" என்று கேட்டாயே. அது இன்னும் எழுந்திருக்கவில்லை. இவரைப் போன்றவர்கள் நூறு பேர் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் ஆளுக்கொரு பழைய படம் போட வேண்டும், வீட்டு ஆல்பத்திலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும், கூடவே நாலு வரி ஞாபகம் எழுத வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம். ஒருவர் இருபது வருடம் முன்பு விற்ற வண்டியின் நம்பரை மாதாமாதம் போட்டு, யாராவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்கிறார். இன்னொருவர் தன் கல்யாணப் படத்தைப் போட்டிருந்தார். அதற்குக் கீழே நடந்த பேச்சை இவர் சாப்பிடும்போது எனக்குப் படித்துக் காட்டினார்.

"அண்ணே, டேங்க்க மறைச்சிக்கினு நிக்கிறது யாரு?"

"என் பொண்டாட்டிப்பா."

"கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லியிருக்கலாம்ண்ணே."

எனக்குப் புரையேறிவிட்டது. அதற்குப் பிறகு நானும் அந்தப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். எனக்கு வண்டிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. மறைத்துக்கொண்டு நிற்பவர்களைத்தான் பார்ப்பேன்.

போன ஞாயிறு வாலாஜாபாத்காரர் ஒருவர் ஒரு படம் போட்டார். "எங்க அப்பாவோட ராஜ்தூத். எடம் ஓரிக்கை, பாலாறு. அப்பா போயி மூணு வருஷம் ஆவுது, அவரு பெட்டியில இருந்திச்சி. வண்டி மேல இருக்கிற அம்மா யாருன்னு தெரியல" என்று எழுதியிருந்தார். அந்தக் கடைசி வரியை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. ஹெட்லைட் அந்த வருஷத்து ஹெட்லைட்டா, மட்கார்டு மாற்றினதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். படம் சாயம் போய், அந்தப் பெண்ணின் முகத்தின்மேல் பூசணம் பூத்திருந்தது. பின்னால் ஆற்றில் தண்ணீர். ஓரத்தில், தரையில், ஓர் ஆணின் நிழல். நிழலுக்குரிய ஆள் படத்தில் இல்லை.

அப்புறம் யாரோ இஞ்சினை மட்டும் பெரிதாக்கி ஒரு படம் போட்டார். இஞ்சினுக்குப் பக்கத்தில் அவள் முழங்கால், முழங்கால் மேல் சேலைக் கரை. கரையில் அன்னங்கள் வரிசையாகப் போகின்றன. அதில் மூன்று மட்டும் திரும்பி நிற்கின்றன.

அந்த மூன்று அன்னங்கள் இந்த ஊரில் ஒரே ஒரு சேலையில்தான் உண்டு, அம்மா. கல்யாணமாகி வந்த முதல் வருடம் நீ செய்த தப்பு என்று சொல்வாய். தறியின் தலைமேல் தொங்கும், டிசைனுக்கு ஓட்டை போட்ட அட்டைகளை முன்பின் மாற்றி மாட்டிவிட்டாய், மூன்று அன்னம் விழுந்த பிறகுதான் தெரிந்தது. நெய்யக் கொடுத்த இடத்தில் சேலையை வாங்கிக்கொள்ளவில்லை. "யாரோ கூப்பிட்டாங்கன்னு மூணும் திரும்பிப் பாக்குது, நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லி நீயே கட்டிக்கொண்டாய். சேலையில் இருக்கிற எண்ணெய்க் கறை கூடப் படத்தில் அதே இடத்தில் இருக்கிறது. அது சமையல் எண்ணெய் என்று நினைத்திருந்தேன்.

படத்தில் இருப்பது நீதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வண்டி மேல் நீ எப்படி?

நான் காலேஜ் இரண்டாம் வருடம் படித்தபோது நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். தோழி ஒருத்தி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தெருவில் ஒரே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். நீ சாவியை வாங்கித் தறிக்குழிக்குள் போட்டுவிட்டு, தறியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் குழிக்குள் இறக்கி நெய்ய ஆரம்பித்துவிட்டாய். அந்தப் பெண் ஒரு மணி நேரம் காத்திருந்தாள். "பஸ்ஸு இருக்குதுல்ல? பஸ்ஸு கீழ விழாது" என்றாய். நான் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. அன்றிலிருந்து வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, பிரசவத்துக்குக் கூட நான் கீழே விழாத பஸ்ஸையும் ஆட்டோவையும் நம்பித்தான் இருந்தேன். பயம் எனக்கு உன்னிடமிருந்து வந்தது என்றே நினைத்திருந்தேன்.

இப்போது அது ஏன் முக்கியம் என்றால், கூரத்துக்குப் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. வருகிறேனா இல்லையா என்று திங்கட்கிழமை சொல்ல வேண்டும். பஸ் நேரம் சரிவராது. சாயந்திர பஸ்ஸைப் பிடித்தால் பாப்பாவைக் காப்பகத்திலிருந்து கூட்டிவர முடியாது. ஸ்கூட்டரில் போனால் எல்லாம் சரியாகிவிடும். இவர் மைதானத்தில் ஒரு மாதம் சொல்லிக்கொடுத்துவிட்டார். மைதானத்தில் நன்றாகத்தான் ஓட்டுகிறேன். ரோட்டுக்கு வந்தால் வண்டியை இவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

அந்தப் படத்துக்குக் கீழே, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பொடியன் எழுதினான்: "சேலை கட்டிக்கினு ராஜ்தூத் ஓட்ட முடியாதுப்பா. சும்மா உக்கார வெச்சி எடுத்தது." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதற்கு வயதான மெக்கானிக் ஒருவர் பதில் போட்டார். குழுவில் அவர் பேசினால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள் என்று இவர் சொன்னார்.

"நல்லா பாருப்பா. ஸ்டாண்டு ஏறியிருக்குது. பின்னாடி பொகை இருக்குது. எடது கையில ரெண்டு விரலு க்ளட்ச்சு மேல இருக்குது. போட்டோவுக்கு உக்கார்றவங்க ஹேண்டில முழுக்கையால இறுக்கிப் புடிச்சிக்குவாங்க. க்ளட்ச்சுல விரல் வெக்க மாட்டாங்க. இந்தம்மா உக்காரல, கெளம்பிக்கினு இருக்குது."

கெளம்பிக்கினு இருக்குது. அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

அப்பாவிடம் கேட்பதற்கு இரண்டு நாள் ஆனது எனக்கு. அந்த நிழல்தான் காரணம். யாருடைய நிழல் என்று தெரியாமல் அப்பா முன்னால் அதை எப்படி நீட்டுவது? நேற்று மத்தியானம் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, போனைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டு, போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"அட, ஒங்க அம்மா. இது ஏதும்மா ஒனக்கு?"

"அம்மா வண்டி ஓட்டுவாங்களாப்பா?"

"ஓட்டுவா. ஒரு வருஷம் ஓட்டினா."

"எனக்கு ஏம்ப்பா சொல்லல?"

"நீ கேக்கவேயில்லையே."

எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அப்புறம் அவர் சொல்லச் சொல்லக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. வாலாஜாபாத்திலிருந்து புது டிசைனுக்கு அட்டை அடித்துக்கொண்டு வருபவரின் வண்டியாம் அது. அவர் தறியில் அட்டை கோக்கும் நேரமெல்லாம் வண்டி வெளியே சும்மா நிற்குமாம். நீ முதலில் துடைத்தாயாம். அப்புறம் உட்கார்ந்தாயாம். அப்புறம் அவரிடமே கேட்டுக் கற்றுக்கொண்டாயாம். "தங்கச்சி, தறி மிதிக்கிற காலுக்கு இதெல்லாம் ஒரு வேலையா" என்று அவர் சொல்வாராம்.

"அந்த நெழலு யாருப்பா?" என்று கடைசியில் கேட்டேவிட்டேன்.

"நான்தான். வேற யாரு? பாலாத்துல தண்ணி வந்துட்டுதுன்னு ஊரே ஓடிச்சி. புதுத் தண்ணிக்கு மஞ்சக் குங்குமம் போடணும்னு இவ பட்டுச் சேலையக் கட்டிக்கினா. ஒரே வண்டில மூணு பேரு. இவ ஓட்டுறா, நடுவுல நானு, கடைசில கேமராவ வெச்சிக்கினு அவரு. போட்டோ எடுக்கும்போது நான் நின்னா வண்டி மறையுதாம். கொஞ்சம் தள்ளி நில்லுப்பான்னுட்டாரு."

நான் சிரித்த சிரிப்பில் பாப்பாவும் காரணம் தெரியாமல் சிரித்தாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று அன்னங்கள் மேல் விரலை வைத்தார். படம் நகர்ந்துவிட்டது. திரும்பச் சரிசெய்து கொடுத்தேன்.

"இது அவ பண்ண தப்பு இல்லம்மா" என்றார். "மொதமொதல்ல அவ தனியா வண்டி எடுத்துக்கினு போன அன்னிக்கி, அவரு கோத்துக் குடுத்த அட்டைய நான்தான் மாட்டினேன். கை இங்க, கண்ணு வெளிய. இன்னும் வரலியே, இன்னும் வரலியேன்னு. அட்டை முன்பின் மாறிப்போச்சி. அன்னம் மூணும் வாசலப் பாத்துக்கினு நிக்குது. ஒங்க அம்மா வந்து பாத்துட்டு, நான் பண்ணேன்னு சொல்லிக்கிறேன்னா. புது மருமவ தப்புப் பண்ணா ரெண்டு திட்டோட போயிடும், பொறந்ததுலேர்ந்து தறியில இருக்கிறவன் பண்ணா சிரிப்பாங்கன்னா. கடைசி வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல."

நீ என்னிடமும் சொல்லவில்லை, அம்மா. அந்தத் தப்பைச் சொல்லி என்னிடமே எத்தனை முறை சிரித்திருக்கிறாய்.

அப்புறம் ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன். விழுந்துவிட்டாயா, அடி பட்டதா என்று. அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. விழுந்து நிறுத்தியிருந்தால், நானும் திங்கட்கிழமை வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

"விழல. நீ பொறந்து மூணு மாசம். அட்டைக்காரர் வந்திருந்தாரு. வண்டி எடுன்னு நான்தான் சொன்னேன். பிள்ளையார் கோயில் முனை வரைக்கும் போனா. திரும்பி வந்துட்டா. புள்ள அழுவுறது காதுல கேக்குதுங்கன்னா. அந்த வண்டி போடுற சத்தத்துல இன்னா கேக்கும்? அதோட எடுக்கல."

"நான் அழுதேனாப்பா?"

அப்பா பாப்பாவின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இல்லம்மா. நீ நல்லாத் தூங்கிக்கினு இருந்தே."

அதற்கு முந்தின நாள் காலையில் நான் என்ன செய்தேன் என்று அப்பாவுக்குத் தெரியாது. பாப்பாவை இவரிடம் விட்டுவிட்டு, தனியாக ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனேன். அதே பிள்ளையார் கோயில் முனை. பாப்பா வீறிட்டு அழுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வந்து பார்த்தால், அவள் இவர் தோளில் உட்கார்ந்து வாழைப்பழத்தை இவர் தலையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா மா, அதுக்குள்ள?" என்றார். ஹெல்மெட் மறந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். ஹெல்மெட் தலையில் இருந்தது.

உனக்கும் கேட்ட சத்தம்தான் அது என்று இப்போது தெரிகிறது. நீ பயந்தவள் என்று நினைத்து இத்தனை நாள் உன் பயத்தையே சுமந்துகொண்டு திரிந்தேன். உன்னிடமிருந்து எனக்கு வந்தது பயமில்லை, அந்த அழுகைதான். அதைத் தறிக்குழிக்குள் போட முடியாது என்பது உனக்குத் தெரிந்திருக்கும். அடுத்த தடவை வண்டி எடுக்கும்போது எனக்கும் அது கேட்கும். கேட்டால் கேட்கட்டும். நான் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன், அம்மா. நீ அன்றைக்கு இன்னும் கொஞ்ச தூரம் போய்விட்டு வந்திருக்கலாம். எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

உன்னிடம் கேட்க இன்னும் நிறைய இருக்கிறது. ஆற்றங்கரையிலிருந்து திரும்பும்போதும் நீதான் ஓட்டினாயா? சேலையை எப்படிச் செருகிக்கொண்டாய்? இந்தக் கறை சைலன்சர் பக்கத்தில் பட்டதா? அந்த முனையிலிருந்து திரும்பி வந்த பிறகு, வெளியே எப்போதாவது அந்த மாதிரி வண்டிச் சத்தம் கேட்டால் தறியை நிறுத்திவிட்டுக் கேட்பாயா? நீ சொல்ல மாட்டாய். அதனால் பதில் சொல்லக்கூடிய ஒருவருக்கு, இந்தக் கடிதத்தை எழுத உட்காருவதற்கு முன்னால், இவர் போனிலிருந்து குழுவில் நான் இதை எழுதிப் போட்டேன். உனக்கும் காட்டுகிறேன்.

"வணக்கம் அண்ணா. ஓரிக்கைப் படத்தில் உங்கள் அப்பாவுடைய வண்டியை ஓட்டுபவர் என் அம்மா. ஓரத்தில் நிழலாக இருப்பவர் என் அப்பா. அந்த வண்டி இன்னும் உங்களிடம் இருக்கிறதா? இருந்தால், ஓடாவிட்டாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்க்கலாமா? காஞ்சிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவேன். நான்தான் ஓட்டி வருவேன், அப்பா பின்னால் உட்கார்ந்து வருவார். அவருக்கு அது பழக்கம்தான். திங்கட்கிழமை எனக்கு ஒரு வேலை இருக்கிறது, அதற்கு முன்னால் வந்தாக வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்."