கோழிக்கு என்று சொன்ன பாண்

நானா,

இப்போது என் குசினியில் உங்கள் வெள்ளிக்கிழமை வாசம் வந்திருக்கிறது. ஓவன் கதவைக் கொஞ்சம் திறந்தேன். புளித்த அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து வேகும் வாசம், அப்பமும் இல்லாமல் பாணும் இல்லாமல் நடுவில் நிற்குமே, அது முகத்தில் அடித்தது. உள்ளே பாண் சுடும் தகர அச்சுகள் இரண்டு. இரண்டின் விளிம்பிலும் நீங்கள் அடித்த சிவப்புப் பெயின்ட். ஒன்றை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். மற்றதைப் போன மாதம், உங்களை அடக்கம் செய்து சில நாட்கள் கழித்து, உங்கள் வீட்டில்தான் முதல்தடவை பார்த்தேன். பார்த்ததிலிருந்து என் நெஞ்சு ஒரு நிலையில் இல்லை. எங்கே போய்க் கேட்பது என்று தெரியாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

கம்பளை ஸ்டேஷன் ரோட்டில் இருந்த உங்கள் பேக்கரிக்கு நான் ஷாலினியோடு முதலில் வந்த நாள் நினைவிருக்கிறதா? அவளுக்கு அப்போது ஏழு வயது. குச்சி மாதிரிக் கைகால், ஊதின வயிறு. பூச்சி மருந்து கொடுத்தோம், இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தோம், கோயிலில் நேர்த்தி வைத்தோம். கடைசியில் கண்டியில் ஒரு டாக்டரம்மா, "பிள்ளை தினமும் என்ன சாப்பிடுது?" என்று கேட்டார். "ரொட்டிதான், மேடம்" என்றேன். நாவலப்பிட்டிக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் பிறந்தவள் நான். கோதுமை ரொட்டியும் சம்பலும் தின்றுதான் எங்கள் சனம் மலை ஏறிக் கொழுந்து பறித்தது. அந்தக் கோதுமைதான் என் பிள்ளையின் குடலை அரிக்கிறது என்று அவர் சொன்னபோது, யாரோ என் அம்மாவைத் திட்டியது போல எனக்குக் கோபம் வந்தது.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. அதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை. "சோதனையெல்லாம் முடியிற வரைக்கும் ரொட்டியை நிறுத்திடாதீங்க. நிறுத்திட்டு இரத்தம் எடுத்தா, நோய் இருந்தாலும் இல்லன்னுதான் காட்டும்" என்றார் டாக்டரம்மா. அதனால் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ அழ, ரொட்டியைப் பிய்த்து நானே ஊட்டினேன். தெரிந்தே ஊட்டினேன், நானா. அந்த நாட்களைப் பற்றி வாயைத் திறந்தாலே எனக்கு அழுகை வரும். அதனால் யாரிடமும் பேசவில்லை.

பிறகு கோதுமை நின்றது. பிள்ளை தேறினாள். ஆனால் பின்னேரம் பாண் விற்கும் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ரோட்டில் வரும்போது இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் பாணும் பருப்பும் கொண்டு வருவார்கள். இவள் மட்டும் சோற்றுப் பெட்டி. கண்டியில் பெரிய கடையில் கோதுமை இல்லாத பாண் என்று பொலித்தீனில் ஒன்று விற்றார்கள். மரத்தூளைத் தண்ணீர் தெளித்து அமுக்கியது போல இருந்தது. அதைத்தான் உங்கள் முன்னால் வைத்து, உங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது போலவே, "இதைவிட நல்லதா ஒண்ணு சுட முடியுமா நானா?" என்று கேட்டேன்.

நீங்கள் ஒரு துண்டு கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தீர்கள். "கோதும மா இல்லாம பாணா? என்ன தங்கச்சி செல்றீங்க?" என்றீர்கள். பிறகு ஷாலினியைக் குனிந்து பார்த்தீர்கள். "சரி, பார்ப்பம். இன்ஷா அல்லாஹ்."

முதல் பாணை அம்மியாகப் பாவித்திருக்கலாம். அடுத்தது அழகாக எழும்பி, வெளியே எடுத்ததும் உட்கார்ந்துவிட்டது. அதற்கடுத்ததைத் தின்ற ஷாலினிக்கு அன்றே வாந்தி. நான் கோபத்தில் ஆடிக்கொண்டு வந்து உங்கள் கடை வாசலில் நின்று, பாண் வாங்க வந்த அவ்வளவு பேர் முன்னாலும் கத்தினேன். உங்கள் புருவத்திலும் மா, காது மடலிலும் மா. அப்படியே நின்று கேட்டீர்கள். "தங்கச்சி, இந்தக் கடையில காத்திலயும் மாதானே ஈக்கிது" என்றீர்கள். அந்தத் தூசிதான் பிள்ளையின் பாணிலும் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

அதற்குப் பிறகுதான் வெள்ளிக்கிழமை வழக்கம் வந்தது. வெள்ளியன்று கடை பூட்டு. நீங்கள் தலைக்குக் குளித்து, சலவைச் சாரமும் சேர்ட்டும் உடுத்தி, ஜும்ஆத் தொழுகைக்குப் போய் வந்து, அதே உடுப்போடு வீட்டுக் குசினியில் பாண் சுட்டீர்கள். உங்கள் மேலே ஒரு பொட்டு மா இல்லாத நேரம் வாரத்தில் அது ஒன்றுதான். வேறு மா படக்கூடாது என்று புதிதாக ஓர் அச்சு வாங்கி, கலந்துவிடாமல் இருக்க விளிம்பில் சிவப்பு அடித்து எனக்கும் காட்டினீர்கள். ஒன்று வாங்கினீர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பாண் உதிராமல் நிற்கப் பிடித்து வைக்க ஒன்று வேண்டும் என்று இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் நீங்களே கண்டுபிடித்துச் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். வயிற்றுக்காக நீங்கள் தினமும் குடிக்கும் இஸப்கோல் உமியைக் கிளாசில் கரைத்து வைத்துவிட்டு மறந்துபோனீர்களாம். திரும்பி வந்து பார்த்தால் கிளாசைக் கவிழ்த்தாலும் விழாத கூழ். "என்ட வயித்து மருந்து ஒங்கட மகள்ட பாணுக்கு மருந்தாப் போய்த்து" என்றீர்கள். நானும் சிரித்தேன். உங்களுக்கு எதற்கு வயிற்று மருந்து என்று ஏன் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை?

அரிசி மா, கொஞ்சம் மரவள்ளி மா, அந்தக் கூழ், தேங்காய்ப்பால். பிசையக் கூடாது, அப்பத்துக்கு மாவு ஊற்றுவது போல ஊற்ற வேண்டும். "என்ட கைக்கு ஊத்தத் தெரியாது தங்கச்சி, அது சும்மா சும்மா பிசையப் போகுது" என்று உங்கள் கையையே நீங்கள் அடித்துக்கொண்டதாகச் சொன்னீர்கள். ஷாலினி அந்தப் பாணில் பருப்பைத் தொட்டுத் தின்று, வாயைத் துடைக்காமலேயே இன்னொரு துண்டு கேட்டாள். அன்றைக்கு நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

வெள்ளி பின்னேரம் நான் கண்டியில் புடவைக்கடை வேலை முடிந்து கம்பளையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, ஓலைக்கூடையோடு நிற்பீர்கள். துணிக்குள் இரண்டு பாண் இருக்கும். ஒன்றை என்னிடம் தருவீர்கள். "அப்ப மத்தது, நானா?" என்று கேட்டால், "அது சரி வரல்ல. கோழிக்குப் போடுவம்" என்பீர்கள். எல்லா வெள்ளியும் ஒன்று சரி வரவில்லை. "உங்க கோழி குடுத்து வச்ச கோழி, நானா. நாங்ககூட இப்படிச் சாப்பிடுறதில்ல" என்று நான் கிண்டல் செய்வேன். நீங்கள் கூடையைத் துணியால் மூடிக்கொண்டு சிரிப்பீர்கள். பெருநாளுக்கு உங்கள் வீட்டுக்கு வந்தால் முன் ஹோலில் உட்கார்ந்து வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டுப் போகிறவள் நான். பின்பக்கம் கோழி நிற்கிறதா என்று யார் போய்ப் பார்ப்பது?

நோன்பு மாதத்தில் ஒருமுறை சொன்னீர்கள்: "மத்த நாளெல்லாம் உடம்பு முறிஞ்சு கெடக்கும். நோன்பு வந்தா மட்டும் எழும்பி நிக்கிது. பகலெல்லாம் பட்டினி, பொறகு கஞ்சி. அதிலதான் பரக்கத்." அரிசிக் கஞ்சி, நானா! ஒரு மாதம் முழுக்க உங்கள் வயிற்றுக்குள் கோதுமை போகாத ஒரே மாதம். பரக்கத், இறைவனின் அருள் என்று நீங்கள் சொன்னீர்கள், எவ்வளவு நல்ல மனம் என்று நான் நினைத்தேன். ஷாலினியைப் பற்றி எத்தனை கேள்வி கேட்டிருப்பீர்கள். நாக்கில் புண் வருமா, படுக்கையில் கால் இழுக்குமா, சாப்பிட்டதும் தலை சுற்றுமா. பிள்ளை மேல் இவ்வளவு பாசமா என்று நான் உருகிப்போய் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.

பிறகு நீங்கள் மெலிந்தீர்கள். "சுகர் பாருங்க நானா" என்றேன். பிறகு கண்டி ஆஸ்பத்திரியில் குடலில் கட்டி என்றார்கள், வெட்டினார்கள், நீங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. கோதுமையால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நெஞ்சு கேட்கிறதா?

உங்களுக்காகத் துக்கம் காத்து இத்தா இருக்கும் உங்கள் மனைவியைப் பார்க்க வந்தேன். தாத்தா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். உங்கள் ஆட்களிடம் அது அக்காவுக்கு, எங்களிடம் கிழவருக்கு என்று நீங்களும் நானும் எத்தனை தடவை சிரித்திருப்போம். அறைக்குள் வெள்ளை உடுத்து இருந்தார். என்னைக் கண்டதும் கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு பையை இழுத்து என் மடியில் வைத்தார். இரண்டு சிவப்பு விளிம்பு அச்சுகள்.

"ஒன்டு ஒங்கட மகள்ட. மத்தது அவர்ட. இனி இங்க ஆருக்கு?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "மத்தது கோழிக்கு இல்லையா, தாத்தா?" என்று கேட்டேன்.

"கோழியா? எங்கட ஊட்டுல எப்ப கோழி ஈந்திச்சு?"

அவர் சொல்லிக்கொண்டே போனார். "ஒங்கட மகளுக்குச் சுட்டதில உப்புப் பார்க்க ஒரு துண்டு திண்டாரு. பொறகு அதையே ஒரு கெழம, ஏழு நாளும் திண்டு பார்த்தாரு. கலியாணம் முடிச்ச நாள்லேந்து அந்த மனிசன் வயித்துல கை வைக்காமப் படுத்தத நான் கண்டதில்ல. அந்தக் கெழம படுத்தாரு. அதோட ரெண்டாச் சுட்டாரு. ஆரிட்டயும் செல்ல வாணாம் என்டாரு. பாண் திண்ண ஏலாதவன் சுட்ட பாண ஊரு வாங்குமா என்டு கேட்டாரு."

"டாக்டர்கிட்டப் போகலையா?" என்று கேட்டேன்.

"போனாரே. கோதுமய உட்டு மாசக்கணக்கா அந்தப் பாணத் திண்டு, உடம்பு தேறினாப் பொறகுதான் போனாரு. ஒங்கட மகளுக்கு எடுத்த அதே ரத்தம் எடுங்க என்டு கேட்டு எடுத்தாரு. ஒன்டுமில்ல என்டு வந்திச்சு. அல்ஹம்துலில்லாஹ் என்டு சந்தோசமா வந்து, கடையில சுட்ட பாண்ல பாதிய நின்ட நிலையிலேயே திண்டாரு. அதுக்குப் பொறகு ரெண்டும்தான். ஆசைக்கு அது, வயித்துக்கு இது."

நானா, ஒரு வசனம். நிறுத்திவிட்டு எடுத்தால் இல்லையென்றுதான் காட்டும். அந்த ஒரு வசனம் என் தொண்டைக்குள் இத்தனை வருடமும் இருந்தது. நீங்கள் நாக்குப் புண்ணைக் கேட்டீர்கள், கால் இழுப்பைக் கேட்டீர்கள். "எனக்கும் இருக்குமோ தங்கச்சி?" என்று கேட்டிருந்தால் அங்கேயே, அந்தக் கடை வாசலிலேயே, நான் ஊர் கேட்கக் கத்திச் சொல்லியிருப்பேனே! கத்தத் தெரியாதவளா நான்? உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு உங்களை விட்டிருக்க மாட்டேன்.

அப்போதுதான் உங்கள் மகள் ரிஸ்னா பிளேன்டீ கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள். மவுத்து வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் அனுப்பிய பாணில் ஒரு துண்டு அவள் கையில். தேத்தண்ணீரில் தோய்த்துக் கடித்தாள். மற்றக் கை வயிற்றில் போய் இருந்தது. "இவளும் வாப்பா மாதிரிதான்" என்றார் தாத்தா. "என்ன திண்டாலும் வயிறு ஊதும். ரெண்டு தரம் புள்ளயும் தங்கல்ல."

நான் அவள் கையிலிருந்த பாணைப் பிடுங்கிவிட்டேன்.

துக்க வீட்டில், வாப்பாவை இழந்த பிள்ளையின் கையிலிருந்து சாப்பாட்டைப் பிடுங்கினேன். ஒரு மூத்தவர், "இதென்ன வேல?" என்று எழும்பினார். ரிஸ்னா பயந்து என்னைப் பார்த்தாள். தேத்தண்ணீர் சொட்டும் அந்தத் துண்டைப் பார்த்தபடி நின்றபோதுதான் டாக்டரம்மாவின் குரல் கேட்டது. பிடுங்கக் கூடாது. இப்போது பிடுங்கவே கூடாது.

பிடுங்கிய பாணை நானே திருப்பி அவள் கையில் வைத்தேன். "சாப்பிடு மகள். இரத்தம் எடுக்கிற வரைக்கும் நீ தினமும் சாப்பிடணும். அதுக்குப் பிறகு ஒரு துண்டும் வேணாம்" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். அந்த ஒரு வசனத்தை உங்கள் வீட்டில் நான் சொல்லியே விட்டேன், நானா. நீங்கள் இல்லாத வீட்டில்.

எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன பிறகு தாத்தா நெஞ்சில் அடித்துக்கொண்டார். அடுத்த வாரமே நானும் ரிஸ்னாவும் கண்டிக்குப் போனோம். இரத்தம் எடுத்தார்கள், பிறகு குடலுக்குள் கமரா விட்டும் பார்த்தார்கள். அதுவரைக்கும் அவள் எனக்கு முன்னால் பாண் தின்றாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவையும் ஒரு பிள்ளைக்கு இப்படிக் காவல் இருப்பேன் என்று நினைக்கவில்லை. முடிவு நேற்று வந்தது. இருக்கிறது, நானா. உங்கள் மகளுக்கு அது இருக்கிறது. நேரத்தோடு கண்டுபிடித்துவிட்டோம், இனி உடம்பு தேறும் என்று டாக்டர் சொன்னார். மருந்தென்று ஒன்றும் இல்லை, கோதுமையை விட்டால் போதும் என்றார்.

ஓவனை நிறுத்திவிட்டேன். பாண்களை அச்சிலிருந்து கவிழ்த்து, நீங்கள் செய்வது போல அடியில் தட்டிப் பார்த்தேன். வெறும் பெட்டியைத் தட்டிய சத்தம். ஷாலினி இப்போது என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். "ஆறட்டும்" என்றேன். இந்தப் பாணைச் சுடச்சுட வெட்டினால் உள்ளே களி என்று எத்தனை வெள்ளி என்னிடம் அவளுக்குச் சொல்லி அனுப்பியிருப்பீர்கள். இப்போது அந்தச் சொல் என் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ரிஸ்னா வந்துவிட்டாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மேசையைப் பார்த்தாள். இரண்டு பாண், இரண்டு சிவப்பு அச்சு. கோழிக் கதையை அவளுக்கு நான் பஸ்ஸிலேயே சொல்லியிருந்தேன். ஆறிய பாணில் ஓரத்துண்டை வெட்டிக் கொடுத்தேன். நின்றபடியே கடித்தாள். மென்று விழுங்க நேரம் எடுத்தது. கண் நிறைந்துவிட்டது.

"வாப்பாட கோழி நல்லாத்தான் திண்டீக்கிது, மாமி" என்றாள்.

நான் அடுத்த துண்டை வெட்டினேன்.