சகனைப் பார்க்காத கண்கள்

அன்பும் நக்கலும் ஒருநாளும் குறையாத என் மச்சானுக்கு,

இன்று வியாழக்கிழமை, காலை பத்தேகால். கண் அசைவுப் பரிசோதனை அறைக்கு வெளியே ஐந்து பேர் இருக்கிறார்கள். ஐந்து பேரின் கிளினிக் கொப்பியிலும் பார்க்கின்சன் என்றுதான் எழுதியிருக்கிறது. ஐந்தும் சரிதானா என்று பார்க்கத்தான் இந்தக் கருவி. நம்முடைய ஆஸ்பத்திரிக்கு இப்போதுதான் வந்தது, பொருத்திப் பூட்டியது நான். "மெஷின் டொக்டர்" என்று கேலி செய்வீர்களே, அதே வேலை.

மண்ணுக்குள்ளே உங்கள் கப்று வெளிச்சமாக இருக்கட்டும். இனி விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்துக் கதைக்க எனக்கு வராது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் நீங்கள். மேலே கூண்டில் இருந்து கீழே கப்பலின் வயிற்றைப் பார்ப்பதுதான் தொழில். ஓய்வு எடுத்த பிறகு, காரணமே இல்லாமல் பின்பக்கமாக விழத் தொடங்கினீர்கள். படி இறங்கக் கால் தடுமாறியது. முகம் உறைந்துபோனது. பார்க்கின்சன் என்று குளிசை தந்தார்கள். கேட்கவில்லை. அளவைக் கூட்டினார்கள். அப்போதும் நோய் கேட்கவில்லை.

"நடுங்காத ஆளுக்கு நடுக்கவாத மருந்தாம்" என்றீர்கள். உங்கள் பெண்சாதி, என் ராத்தா, நம்பவில்லை. "குளிசையக் குடிக்காம எங்கயோ ஒளிக்கிறார்டா தம்பி. இல்லாட்டி ஏன் சுகமாகல்ல?" என்று என்னிடம் அழுதார்.

அந்த நேரத்தில்தான் உங்கள் மகளுக்குக் கல்யாணம் பேசி, குறிஞ்சாக்கேணியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பாயில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே பெரிய சோற்றுத் தட்டு; அந்தச் சகனைச் சுற்றி ஆறு பேர். சம்மந்தி உங்களுக்கு நேரெதிரே. நீங்கள் சோற்றைப் பார்க்கவேயில்லை. இமைக்காமல் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு, அவர் பக்கத்துச் சோற்றில் கையை வைத்தீர்கள். அவர் கையை உதறிக்கொண்டு எழும்பினார். மறுநாள் ஆள் வந்து சொன்னது: "ஒரு சகன்ல எங்களோட இருந்து தின்ன விருப்பமில்லாத ஆளோட என்ன சம்பந்தம்?" மகள் அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்தாள்.

எனக்குப் பொறுமை எப்போது இருந்தது? அந்தக் கிழமையே உங்களைக் கொழும்புக்கு ஏற்றினேன்.

அங்குள்ள ஆஸ்பத்திரியில் கமெரா பொருத்திய கண்ணாடி ஒன்றை முகத்தில் மாட்டினார்கள். திரையில் ஒரு பச்சைப் புள்ளி. அது இடம் வலமாகத் தாவியபோது உங்கள் கண்ணும் தாவியது. மேலே போனபோது கண் ஊர்ந்தது. கீழே போனபோது ஒன்றுமேயில்லை. வரைபடத்தில் கோடு படுத்துக் கிடந்தது. பிறகு டொக்டர் தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, உங்கள் தலையைப் பிடித்து மெல்ல நிமிர்த்தினார். கண்கள் தாமாகவே கீழே இறங்கின! தசை சரி, நரம்பு சரி. "கீழே பார்" என்ற கட்டளைதான் மூளையின் மேல்தளத்திலிருந்து வரவில்லை. பார்க்கின்சனில் பொதுவாக இப்படி ஆவதில்லை. கண்ணை மட்டும் வைத்து அவர் முடிவு சொல்லவில்லை. விழுந்த கதையையும் கேட்காத குளிசையையும் சேர்த்துப் பார்த்து, இது பி.எஸ்.பி. என்ற வேறு நோய் என்றார்.

வெளியே வந்ததும் கேட்டீர்கள். "பேர் தெரிஞ்சா சுகமாகுமா?"

"ஏலா, மச்சான்."

"அப்ப என்னத்துக்குடா இவ்வளவு தூரம் இழுத்து வந்த?"

"இனி ராத்தா ஏச மாட்டா."

"அட, அத முதல்லயே சொல்லியிருந்தா ஓடியே வந்திருப்பனே!"

முகம் சிரிக்கவில்லை. தோள் குலுங்கியது.

கமெரா எடுத்த அந்தக் கண் பதிவைச் சம்மந்திக்குக் காட்டச் சொன்னது நீங்கள்தான். போனில் இரண்டு முறை பார்த்தார். என்னோடு புறப்பட்டு வந்து, "நானா, பெருமை எண்டு நினைச்சிட்டன்" என்று, கூடப்பிறந்த அண்ணனைப் போல உங்கள் கையைப் பிடித்தார். "முப்பது வருஷம் கீழ பாத்துச் சம்பளம் எடுத்த கண். இப்ப லீவு கேக்குது" என்றீர்கள். கல்யாணத்தன்று அவரே மேசைமேல் பெட்டி அடுக்கி, சகனை அதன்மேல் தூக்கி வைத்தார். ஆறு பேரும் கதிரையில் இருந்து நாடி உயரத்தில் சோறு தின்றீர்கள். வந்திருந்த சனமெல்லாம் சிரித்தது.

நோய் தன் பாட்டுக்குப் போனது. கடைசியில் விழுங்கவும் ஏலாமல் ஆனது. ஆனால் அதன்பிறகு அந்த வீட்டில் ஒருவரும் உங்களை ஏசவில்லை. பெயர் தெரிந்ததற்கு அவ்வளவுதான் பயனா? அது போதுமா? எனக்கு இன்னும் தெரியாது.

கண் பதிவை டொக்டர் வைத்துக்கொள்ளச் சம்மதித்தீர்கள். வருகிறவர்களுக்கு உதவும் என்றீர்கள். அதற்கு ஒரு நன்றி நான் சொன்னதில்லை. நமக்குள் அந்தப் பழக்கமில்லை. இப்போது சொல்கிறேன். நன்றி, மச்சான். உங்கள் பேத்திக்குப் பல் முளைக்கிறது, கண்டதையெல்லாம் கடிக்கிறாள்.

இதை எழுதும்போது வெளியே ஒரு குரல் கேட்கிறது. மூதூரிலிருந்து வந்த ஒருவர் தன் தாயை ஏசுகிறார்: "கீழ பாத்து நடங்க உம்மா! எத்தின தரம் சொல்றது?"

ஆகவே இனிச் செய்யப்போவது:

1. அந்த உம்மாவை முதலில் கூப்பிடச் சொல்லி நேர்ஸிடம் கெஞ்சுவேன். வரிசை குழம்பினால் ஏச்சு எனக்கு.

2. டொக்டர் முடிவு சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பேன். நம்பமாட்டீர்கள். ஆனாலும் இருப்பேன்.

3. உங்களுக்கு வந்ததுதான் என்றால், அந்த மகனை ராத்தாவிடம் கூட்டிப் போவேன். அவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது என்னைவிட ராத்தாவுக்குத்தான் தெரியும்.

உங்கள் பெண்சாதியின் கடைசித் தம்பி,
உங்கள் மச்சான்