பெயர் சொல்லாத கவிதைகள்

மே 14, புதன்

கடையில் இன்று கொரொக்கே இருநூற்று நாற்பது. மழை பெய்தால் நாகஓகாவில் யாருக்கும் சமைக்க மனம் வருவதில்லை. உருளைக்கிழங்கைப் பிசைந்து தட்டிப் பொரித்துப் போட நான் இருக்கிறேனே. நெமோத்தோ வாத்தியாரும் வந்தார். எப்போதும் போல இரண்டு வாங்கிக்கொண்டார். எழுபத்தெட்டு வயது, மனைவி இறந்து ஒன்பது வருஷமாகத் தனிக்கட்டை, எண்ணெய்ப் பலகாரம் எதற்கு இரண்டு? கேட்கவில்லை. எங்கள் ஹைக்கூ வட்டத்தின் தலைவரிடம் தீனியைப் பற்றியெல்லாம் கேட்க முடியுமா?

புத்தகம் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அச்சகத்துக்கு நடக்க வேண்டாம், இணையத்தில் கோப்பை ஏற்றினால் பெட்டி வீட்டுக்கே வந்துவிடும் என்கிறாள் சிஹோ. ஒசாகாவிலிருந்து தொலைபேசியிலேயே எனக்குக் கணினி ஓட்டுகிறாள் என் மகள். நேரில் வந்து நாலு வருஷமாகிறது.

மே 25, ஞாயிறு

வட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன். நான் போட்ட ஐந்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. புத்தகத்துக்கு ஐந்து கூடியது!

என் புத்தகத்தில் வருபவை அவை மட்டும்தான். யாரும் தேர்ந்தெடுக்காதவை. சிஹோவுக்கு இது புரியவில்லை. பதினோரு வருஷமாக அம்மா மாதாமாதம் நாலாவது ஞாயிறு எங்கே போகிறாள் என்றே தெரியாத பெண்.

"ஆளுக்கு அஞ்சு கவிதை, பேர் போடாம துண்டுச் சீட்டுல எழுதித் தரணும். எல்லாத்தையும் கலைச்சுப் பிரிச்சு, மத்தவங்க சீட்டை நாம தாள்ல திருப்பி எழுதுவோம். கையெழுத்தை வச்சுக் கண்டுபிடிச்சிடக் கூடாதுல்ல? அந்தத் தாளெல்லாம் சுத்தி வரும். பிடிச்சதை நோட்டுல குறிச்சுக்கிட்டு, அதுல அஞ்சை மட்டும் வாசிக்கணும். யாராவது வாசிக்கிறது நம்ம கவிதைன்னா நம்ம பேரைச் சொல்லணும்."

"யாருமே வாசிக்கலன்னா?"

"பேசாம டீ குடிக்கணும்."

"அப்ப அது யாரோடதுன்னு தெரியவே தெரியாதா?"

"தெரியாது. வாத்தியாரும்தான் அஞ்சு போடுறாரு. அவரும் டீ குடிச்சிருப்பாரு."

ரொம்ப நேரம் சிரித்தாள். புத்தகத்தின் பெயர் 'பெயர் சொல்லாதவை'. அதுவும் அவள் வைத்ததுதான்.

ஜூன் 9, திங்கள்

முன்னுரை வாத்தியாரிடம்தான் கேட்க வேண்டும். அதுதான் முறை. கேட்டேன்.

"ஒண்ணு தேர்வாகாம போனதுக்கு ஒரு காரணம் இருக்கும், ஹோசாகா சான். அதுக்குப் போய் நான் முன்னுரை எழுதினா, இத்தனை வருஷம் நாம செஞ்ச தேர்வுக்கெல்லாம் என்ன அர்த்தம்?"

சரிதான். சரியாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. முன்னுரை இல்லாமலே போடுகிறேன்.

ஜூன் 12, வியாழன்

பழைய நோட்டுகளைப் பார்த்துத் தட்டச்சு. ஒவ்வொரு மாதமும் இடப்பக்கத்தில் நான் கொடுத்த ஐந்து, வலப்பக்கத்தில் கூட்டத்தில் பிடித்துக் குறித்துக்கொண்ட மற்றவர்களுடையவை. ஒரே பேனா, ஒரே கோணல் கையெழுத்து. 2016 ஏப்ரலில் இடப்பக்கம் நாலோடு நின்றிருந்தது. ஐந்தாவது, ஒரு தலையணைக் கவிதை, வலப்பக்கம் போயிருந்தது. சிஹோ வீட்டைவிட்டுப் போன மாதம் அது, கை எங்கே எழுதுகிறதென்று யார் பார்த்தது?

புத்தகத்துக்கு எடுத்தவை மொத்தம் அறுபது.

ஜூன் 19, வியாழன்

அச்சகத்துக்கு ஏற்றிய கோப்பு திரும்பி வந்துவிட்டது. அட்டைப் படம் நாலு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டுமாம், வெட்டும்போது போக. வெட்டி எறியப் போவதை எதற்கு வரைய வேண்டும்? சிஹோ, "அம்மா, அது அப்படித்தான்" என்றாள். கடையில் நானும் புதுப் பெண்களிடம் இதையேதான் சொல்கிறேன்.

புத்தகம் மெலிசு என்பதால் முதுகில் பெயர் போட இடமில்லை. போகட்டும். எத்தனை நாள் பொறுப்பீர்கள் என்று ஒரு கேள்வி. அதிகம் பொறுத்தால் விலை குறையும். பத்து நாள் என்று குறியிட்டேன். பொறுமைக்கு யாரோ காசு தருவது இதுதான் முதல் தடவை.

ஜூலை 3, வியாழன்

பெட்டி வந்தது. நூறு பிரதி. நடைவாசலிலேயே உட்கார்ந்து ஒன்றைப் பிரித்தேன். மை வாசனையே இல்லை. இதில் நெகிழ என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நெகிழ்ந்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

'அன்புடன்' என்ற காகிதப் பட்டையைச் செருகி எழுபத்திரண்டு பேருக்கு அனுப்பினேன். எங்கள் வட்டம், பக்கத்து ஊர் வட்டங்கள், முகம் தெரியாத மூன்று பெரிய கவிகள். இதையெல்லாம் யாரும் வாங்க மாட்டார்கள். அனுப்ப வேண்டும். பெற்றவர் தனக்குப் பிடித்த கவிதைகளை எடுத்தெழுதி அஞ்சலட்டை போட வேண்டும். எல்லோரும் எல்லோருக்கும் செய்வதுதான்.

ஜூலை 15, செவ்வாய்

இதுவரை பதினேழு அட்டை. அதில் பதினான்கு பேர் எடுத்தெழுதியிருப்பது 31ஆம் பக்கத்தை:

இளவேனில் வெயில் –
ஆளில்லாத தலையணையையும்
திருப்பிப் போடுகிறேன்

வட்டத்தின் செயலாளர் இகராஷி கடைக்கே வந்துவிட்டார். "உங்க பொண்ணு வீட்டைவிட்டுப் போனப்ப எழுதினதா இது? பஸ்ல படிச்சேன். கண்ணுல தண்ணி வந்து, இறங்க வேண்டிய இடத்தை விட்டுட்டேன்." பொரிக்கிற எண்ணெய்க்கு எதிரில் நின்று இப்படிச் சொன்னால் என்ன பதில் சொல்வது? ஆமாம் என்று தலையாட்டினேன். சந்தோஷமாக இருந்தது. இங்கே மறைப்பானேன், ரொம்பவே சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 18, வெள்ளி

வாத்தியாரின் அட்டை. ஐந்து கவிதைகளைப் பாராட்டியிருக்கிறார், நல்ல தேர்வு. கடைசியில்: "பக்கம் 31. 'திருப்பிப் போடுகிறேன்' என்று எழுதியவர் தானே முன்னால் வந்து நின்று இரக்கம் கேட்கிறார். இதைச் சேர்த்திருக்க வேண்டாம்."

ஊரே பாராட்டினால் இவருக்குப் பொறுக்காது.

ஜூலை 20, ஞாயிறு

சிஹோ அழைத்தாள். புத்தகம் போய்ச் சேர்ந்து இரண்டு வாரமாகிறது, இன்றுதான் படித்தாளாம்.

"அம்மா, அந்தத் தலையணை என்னோடதா?"

"ஆமா."

ஆகஸ்டில், முன்னோரைக் கும்பிடும் ஓபோன் பண்டிகைக்கு வருகிறேன் என்றாள்.

ஆகஸ்ட் 16, சனி

மூன்று நாள் இருந்துவிட்டுப் போனாள். அவளுடைய அப்பாவின் கல்லறையைக் கழுவினோம். அவளுடைய பழைய அறையிலேயே, பழைய தலையணையிலேயே படுத்தாள். கிளம்பும்போது அதைத் தானே வெயிலில் போட்டுத் திருப்பி வைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அக்டோபர் 8, புதன்

நவம்பர் கலைவிழாவில் வைக்க அந்தக் கவிதையைத் தூரிகையால் அட்டையில் எழுதித் தரச் சொல்லியிருந்தார் இகராஷி. வரி பிரித்தது சரியா என்று பார்க்க நோட்டை எடுத்தேன்.

வலப்பக்கம். கவிதைக்கு மேலே பொடியாக ஓர் எண்: 7. ஏழாவது தாள். பக்கத்தில், வாசிக்க எடுத்ததற்கு அடையாளமாக ஒரு வட்டம் போட்டு, பிறகு அந்த வட்டத்தை அடித்திருக்கிறேன்.

சுற்றி வந்த தாளைப் பார்த்துத்தான் அப்படி எண் போடுவேன். அந்த மாதம் நான் நாலுதான் கொடுத்திருக்கிறேன். ஐந்தாவது வரவே இல்லை — இப்போது ஞாபகம் வருகிறது, வெறும் சீட்டை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டது.

அது என்னுடையது இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

இரண்டு சட்டி கருகிவிட்டது.

சும்மா இருந்துவிடலாமா? யாரும் தேர்ந்தெடுக்காத கவிதை. எழுதியவர் அன்றே வாயைத் திறக்கவில்லை. அவர் ஒருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரியுமே! நான் அனுப்பிய புத்தகத்தில், என் பெயரில் தன் கவிதையைப் படித்துவிட்டு, முறைக்கு அட்டையும் போட்டிருப்பாரே — ஐயோ, எப்படிப்பட்ட வேலை செய்துவிட்டேன்!

வட்டத்தை ஏன் அடித்தேன் என்று தெரியும். பிடிக்காமல் இல்லை. வாசித்தால் குரல் உடைந்துவிடும், எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் பாதுகாப்பாக ஒரு தவளைக் கவிதையை வாசித்தேன்.

இன்னொன்று. சிஹோவின் தலையணையை நான் வெயிலில் போடவே இல்லை. அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடினேன்.

அக்டோபர் 13, திங்கள்

அப்போது நாங்கள் பன்னிரண்டு பேர். மூன்று பேர் இப்போது உயிரோடு இல்லை. மற்றவர்களின் அட்டைகளைப் பரப்பி வைத்துப் பார்த்தேன். தன் கவிதையைத் தானே பாராட்டி எழுதுகிறவர் எங்கள் வட்டத்தில் கிடையாது. பாராட்டாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் வாத்தியார், அவர் குறைதான் சொன்னார். இன்னொருவர் கசுயோ. இன்று அவளிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"நானா? அப்படி ஒண்ணு நான் எழுதியிருந்தா, யாரும் எடுக்கலன்னா என்ன, வாசல்ல நின்னு கத்தியிருப்பேனே! ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

அப்படியானால் இறந்தவர்களில் ஒருவரா? அப்படி இருந்தால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன். அதை நினைத்தவளும் நான்தான்.

அக்டோபர் 19, ஞாயிறு

முதலில் சிஹோவுக்குச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன். ஓபோனுக்கு வந்ததே அந்தக் கவிதையால்தான் என்று தெரிந்தே சொன்னேன்.

"அப்ப என் தலையணையை என்னதான் பண்ண?"

"அலமாரியில வச்சு மூடிட்டேன். பார்க்கப் பிடிக்கல."

"எத்தனை நாள்?"

"நீ முதல் தடவை வர்ற வரைக்கும்."

"அம்மா, அதை எழுதியிருக்கலாம்ல?"

புத்தாண்டுக்கு வருவாளா என்று கேட்கத் துணிச்சல் இல்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

சமூகக் கூடத்தின் மாடி அறை. ஒன்பது பேர். அடுப்பில் கெண்டி.

என் முறை வந்தது. இன்றைய தாள்களிலிருந்து நாலு வாசித்தேன். நாலுக்கும் பெயர்கள் வந்தன. கசுயோ, இகராஷி, மறுபடி கசுயோ, வாத்தியார். பிறகு பழைய நோட்டைத் திறந்தேன்.

"அஞ்சாவது, 2016 ஏப்ரல், ஏழாவது தாள். அன்னைக்கு எடுத்திருக்கணும், எடுக்காம விட்டுட்டேன். என்னோட புத்தகத்துல 31ஆம் பக்கத்துல இருக்கு. அதை நான் எழுதல. தப்பு என்னோடது. இன்னைக்குத் தேர்ந்தெடுக்கிறேன்."

வாசித்தேன். குரல் உடைந்தது. எல்லோரும் பார்த்தார்கள். அவ்வளவுதான், வேறொன்றும் ஆகவில்லை.

பெயர் வரவில்லை. இகராஷி பேனாவை மூடினார். செத்துப்போனவர்தான், இனி பெயர் வராது என்று நோட்டை மூடப் போனேன்.

"தெய்ஜி."

மேசையின் தலைப்பக்கத்திலிருந்து வந்தது. வழக்கமாகச் சொல்வது போலத் தன் பெயரை மட்டும், தலை நிமிராமல், வாத்தியார் சொன்னார்.

அந்த வருஷம் பிப்ரவரியில் அவர் மனைவி இறந்தார். நாங்கள் எல்லோரும் கறுப்பு உடுத்திக்கொண்டு போனோம். ஏப்ரலில் அந்தக் கவிதை எங்கள் பதினோரு பேர் கையிலும் சுற்றி வந்திருக்கிறது. ஒருவர்கூட எடுக்கவில்லை. அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்து படிக்கட்டில் தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டேன். "முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றும் கேட்டேன்.

"பேர் வராத கவிதைக்கு ஆள் கிடையாது. அதானே நம்ம முறை?" செருப்பை மாட்டிக்கொண்டார். "ஆனா கடைசி வரி பலவீனம்தான். அதுல மாத்தமில்ல."

நவம்பர் 2, ஞாயிறு

எழுபத்திரண்டு பேருக்கும் திருத்தச் சீட்டு போய்விட்டது. "பக்கம் 31, நெமோத்தோ தெய்ஜி எழுதியது. தவறு என்னுடையது." கலைவிழா அட்டையை அவரே எழுதினார். கடைசி வரியை மாற்றவில்லை.

நவம்பர் 5, புதன்

சிஹோவிடமிருந்து குறுஞ்செய்தி: "டிசம்பர் 30 ரயில் பதிவு பண்ணிட்டேன். தலையணையை வெளிய எடுத்து வை."

நவம்பர் 11, செவ்வாய்

குளிர் இறங்கிவிட்டது. கொரொக்கே முன்னூறு. வாத்தியார் வரிசை குறையும்வரை ஊறுகாய்ப் பக்கம் நின்றுகொண்டிருந்துவிட்டு வந்தார்.

"ரெண்டா?"

"ரெண்டு." பையை வாங்கியும் நகரவில்லை. "உங்க இணைய அச்சகம்... குறைஞ்சது எத்தனை பிரதி போடுவாங்க?"

"இருபது, பத்து. கேக்குற அளவுதான்."

"ஒண்ணு?"

"ஒண்ணுன்னாலும் போடுவாங்க, வாத்தியாரே. கவிதை எத்தனை இருக்கு?"

"நாப்பது. யாரும் எடுக்காதது." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "யாருக்கும் அனுப்பப் போறதில்ல. அவ படத்துக்கு முன்னாடி வைக்கணும், அவ்வளவுதான். பத்து நாள் பொறுக்கணும்னாலும் பரவாயில்ல."

பிறகு பையைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்திக்கொண்டு கிளம்பினார். "வர்றேன். ஆறிப்போனா அவளுக்குப் பிடிக்காது."

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன், கோப்பை ஏற்றிக் காட்ட. மூன்று மில்லிமீட்டர் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.