தகர டப்பாவும் பெரிய கம்பெனியும்

ஜூன் 8, திங்கள்

மேகம் மட்டும், மழை இல்லை. ஜீடிமெட்லா தொழிற்பேட்டை முழுக்க மருந்துத் தொழிற்சாலைகளின் நெடி. பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே தலைவலி.

நான் கணினியைப் போடுவதற்குள் ஸ்டெல்லா வந்து நின்றாள். ஏற்றுமதிப் பிரிவு, திருநெல்வேலிப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருடம். நைரோபி வாடிக்கையாளருக்குச் சரக்குக் காகிதங்கள் போய்ச் சேரவில்லையாம். கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கிறது.

"வியாழக்கிழமையே மெயில்ல அனுப்பிட்டம்லா அண்ணே. சார் நம்ப மாட்டேங்காவ."

ஆபீஸ் மெயில் சர்வர் என் பொறுப்பு. அதன் லாக், அதாவது போக்குவரத்துப் பதிவேடு, பார்த்தேன். போயிருக்கிறது. பெ.க. வாங்கிக்கொண்டு 'சரி' என்று பதிலும் சொல்லியிருக்கிறது. (பெ.க. = பெரிய கம்பெனி. ஊருக்கெல்லாம் இலவச மெயில் பெட்டி கொடுக்கும் மகாராஜா; நைரோபிக்காரரின் பெட்டியும் அங்கேதான். பெயரை எழுதி இந்த நோட்டைக் கெடுப்பானேன்.) வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டுக் கொல்லைப்புறத்தில் எறிகிற புத்தி.

முதலாளியிடம் லாகைக் காட்டினேன்.

"அவ்வளவு பெரிய கம்பெனி தொலைக்குமா? உன் தகர டப்பா தொலைச்சிருக்கும். இல்லேன்னா அந்தப் பொண்ணு அனுப்பவே இல்ல."

(சொன்னது தெலுங்கில். தமிழில் எழுதினால் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது.)

தகர டப்பா. ஆறு வருடமாக ஒரு நாள்கூடப் படுக்காத சர்வர்.

வாங்க வேண்டியது: பிரவுன் பேப்பர், ஜாமெட்ரி பாக்ஸ், கொத்தமல்லி.

ஜூன் 9, செவ்வாய்

புழுக்கம். பெ.க.வின் புகார்ப் படிவம் நிரப்பினேன். பதினோரு கேள்வி. கடைசி: 'நீங்கள் ஸ்பேம் அனுப்புகிறவரா?' ஆமாம் என்று எவன் எழுதுவான்.

நான்கு நிமிடத்தில் பதில். மனிதக் கை படாதது. 'உங்கள் சர்வரிலிருந்து வருபவற்றை எங்கள் பயனாளர்கள் விரும்பவில்லை.' எந்தப் பயனாளர்? சொல்ல மாட்டார்களாம். ராணுவ ரகசியம்.

எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தேன். என் பக்கம் சுத்தம். எங்கள் ஆபீசில் ஸ்பேம் அனுப்புகிற அளவுக்குச் சுறுசுறுப்பானவர் யாரும் கிடையாது.

ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கியாயிற்று. "பாகுந்தி நான்னா" என்றாள் மகள். நன்றாயிருக்கிறதாம், அப்பா. வீட்டில் நான் பேசுவது மட்டும்தான் தமிழ்.

ஜூன் 10, புதன்

வெயில். முதலாளி உத்தரவு இரண்டு.

1. மாதக் கடைசிக்குள் சர்வரை மூடிவிட்டு எல்லா மெயிலையும் பெ.க.விடமே ஒப்படைப்பது.

2. ஸ்டெல்லாவின் ஆபீஸ் மெயிலை உடனே நிறுத்துவது.

இரண்டாவதைச் செய்தேன். கை வந்தது, அதுதான் கேவலம்.

ஸ்டெல்லா காகிதங்களைக் கூரியரில் அனுப்பிவிட்டு, வேலையில்லாமல் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வேலை போச்சுன்னா எங்கப்பாட்ட என்னன்னு சொல்ல அண்ணே?" டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 12, வெள்ளி

மழை வந்தேவிட்டது. லோத்குண்டாவில் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. சட்டை முழுக்க ஈரம்.

பதினோரு மணிக்கு முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். ஆபீஸ் மெயில் இல்லாததால் அவளுடைய சொந்த மெயிலுக்கு (அதுவும் பெ.க.தான்) புதனன்றே மெமோ அனுப்பினாராம். இரண்டு நாளில் விளக்கம் தராவிட்டால் வேலை இல்லை. பதில் வரவில்லை.

"மெமோ எதுவும் வரல சார்."

"சேகர், லாக் பாரு. போயிருக்கா?"

பார்த்தேன். போயிருக்கிறது. பெ.க. 'சரி' சொல்லியிருக்கிறது.

"அப்ப இவ பொய் சொல்றா."

"தகர டப்பாவோட லாக் சார். நம்பலாமா?" வாயில் வந்துவிட்டது.

முதலாளியின் கம்ப்யூட்டரிலேயே ஸ்டெல்லாவைத் தன் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். ஸ்பேம் பகுதியில், லாட்டரிப் பரிசுக்கும் வழுக்கைத் தைலத்துக்கும் நடுவில், எங்கள் முதலாளியின் மெமோ. மேலே சிவப்பில் எச்சரிக்கை: 'இவரை நம்ப வேண்டாம்.'

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது.

"காய்கூ இப்படி?" என்றார் முதலாளி, 'ஏன்' என்பதற்கு. கோபம் வந்தால் ஹிந்தி.

ஒரு சந்தேகம் தட்டியது. அவருடைய பெட்டியைத் திறக்கச் சொன்னேன். ஆபீஸ் மெயிலை வீட்டிலும் பார்க்க வேண்டும் என்று போன தீபாவளிக்கு ஒரு பெ.க. பெட்டி தொடங்கி, தனக்கு வருவதையெல்லாம் அதற்குத் திருப்பிவிடச் சொல்லியிருந்தார். புதிதாக வந்த நான்கைத் தவிர, உள்ளே துடைத்து வைத்ததுபோல் காலி. படித்ததையெல்லாம் என்ன செய்கிறீர்கள் என்றேன். செய்து காட்டினார்: அந்த நான்கிலும் டிக், டிக், டிக், டிக். பிறகு 'ஸ்பேம்' பொத்தான்.

"டெலீட் பண்ணினா நிஜமாவே போயிடும்ல. இது ஓரமா வைக்குது."

எட்டு மாதமாக, தினமும். எங்கள் சர்வரிலிருந்து வருவதெல்லாம் குப்பை என்று பெ.க.விடம் சாட்சி சொன்ன ராணுவ ரகசியம் இவர்தான். அந்த முட்டாள் யந்திரமும் நம்பிவிட்டது. திருப்பிவிட்ட கை என்னுடையது. அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

விளக்கினேன். புரிந்தது. "சரி, மெமோவை விட்டுடு" என்றார், அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து.

"அத எழுதிக் கொடுங்க சார்" என்றாள் ஸ்டெல்லா. "மெயில்ல வேண்டாம். பேப்பர்ல."

எழுதிக் கொடுத்தார்.

ஜூன் 13, சனி

தூறல். ஸ்டெல்லாவின் மெயிலைத் திறந்துவிட்டேன். சர்வரை மூடும் பேச்சை முதலாளி எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவருடைய பெ.க. பெட்டிக்கு நான் திருப்பிவிட்டிருந்ததைப் பிடுங்கினேன். அவரிடம் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்கு முதலாளி தன் வீட்டிலிருந்து ஃபோன். "காலையிலேருந்து ஒரு மெயிலும் வரல சேகர்."

"அப்படியா சார்? அவ்வளவு பெரிய கம்பெனி, தொலைக்குமா?"