அலைத்தடுப்புப் பாறையில் செருப்பைக் கழற்றச் சொல்லும் பலகை

அனுப்புநர்:
சாருலதா நிரஞ்சன்,
உயிரியல் ஆசிரியை,
மயிலாப்பூர், சென்னை – 600 004.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
கடலோரப் பராமரிப்புப் பிரிவு,
அடையாறு, சென்னை – 600 020.

பொருள்: முகத்துவாரம் அருகே அலைத்தடுப்புப் பாறைகளில் உள்ள பலகையை ஆடி அமாவாசைக்கு முன் அகற்றி, வேறு பலகை வைக்கக் கோருதல் – சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் நிரஞ்சன் வங்கி ஊழியர். ஞாயிறுகளில் கல் பொறுக்குபவர். கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளில் சில, சுண்ணாம்புக் கற்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கடலுயிர்களின் படிவங்கள் அவற்றில் உள்ளன. என் கணவர் பாறையில் உளி வைத்ததில்லை. அது அரசின் சொத்து என்பார். அலை பெயர்த்துப் போட்ட சில்லுகளை மட்டும் எடுப்பார். கடல் வற்றும் நேரம் பார்த்து, பிடிமானமுள்ள ஷூ அணிந்து, அலையைக் கவனிக்க என்னைக் கரை மேட்டில் நிறுத்திவிட்டுத்தான் பாறைக்கு இறங்குவார்.

2. அங்குள்ள ஒரு பாறையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுருள் படிவம் ஒன்று இருக்கிறது. அது சாளக்கிராமம் என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவி, இப்போது தினமும் கூட்டம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சாளக்கிராமமும் இதே இனத்து உயிர் கல்லானதுதான் என்று வகுப்பில் நானே சொல்லித் தருகிறேன். எங்கள் பூஜை அறையிலும் ஒன்று உண்டு.

3. ஆனால் யாரோ, "செருப்பு அணிந்து பாறையில் ஏறக் கூடாது" என்று பலகை நட்டுவிட்டார்கள். பாசி படிந்த கல்லின் மேல் பாலும் விளக்கில் ஊற்றிய எண்ணெயும் வழிய, மக்கள் வெறுங்காலுடன் ஏறுகிறார்கள்.

4. என் கணவர் பலகைக்குக் கட்டுப்பட்டவர். "வரிசையில் நிற்கவும்" என்று எழுதியிருந்தால், வேறு ஆளே இல்லாவிட்டாலும் வரிசையில் நிற்பார். சென்ற மாதம் ஒரு ஞாயிறு, ஷூவைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஏறினார். வேண்டாம் என்று கரை மேட்டிலிருந்து கத்தினேன். பலகையைக் கைகாட்டினார். அடுத்த அடியில் எண்ணெயில் வழுக்கி, இரண்டு பாறைகளுக்கு நடுவே கால் மாட்டிக்கொண்டது. அலை அவர் தலைக்கு மேல் போனது. இன்றும் கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது.

5. பக்கத்தில் மீன் விற்கும் சொர்ணமும் அவர் கணவர் பாலுவும் ஓடிவந்து இழுத்துப் போட்டார்கள். "இன்னா சார், ஷூவ பைல வெச்சிக்கினு வெறுங்கால்ல ஏறிக்கீற! உன் பொண்டாட்டி மூஞ்சியப் பாரு சார்" என்று திட்டிக்கொண்டே அந்த அம்மா அழுதார்.

6. ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்ய வருபவர்களில் பலர் வயதானவர்கள். அன்று கடல் ஏற்றமும் அதிகம். ஆகவே பலகையை உடனே அகற்ற வேண்டும். பாலும் விளக்கும் பாறைக்கு வராமல் மணலோடு நிற்க அங்கே ஓர் இடம் ஒதுக்க வேண்டும். பாறையைத் தூக்கிவிட வேண்டாம். வேலியும் போட வேண்டாம். சொர்ணம் வீட்டார் படகுக்குப் போவது அந்த வழியாகத்தான்.

7. புதிய பலகையில், "காலணியுடன் மட்டும் ஏறவும். கடலுக்கு முதுகு காட்டாதீர். கடல் ஏறும் நேரத்தில் இறங்காதீர்" என்று எழுத வேண்டுகிறேன்.

8. காலில் கட்டுப் பிரித்ததும் முதலில் அங்கேதான் போவேன் என்கிறார் என் கணவர். நான் சொல்லிக் கேட்க மாட்டார். இத்தனை வருடம் கூடவே இருக்கும் மனைவி கத்தியதைவிட, முகம் தெரியாத யாரோ எழுதி வைத்தது அவருக்குப் பெரிதாகப் பட்டது. அரசு முத்திரையோடு ஒரு பலகை வையுங்கள் ஐயா. அதைக் கேட்பார்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்து,

இடம்: மயிலாப்பூர்
நாள்: 07.07.2025

(ஒப்பம்)
சாருலதா நிரஞ்சன்