கேன்டீன் வாசல் தளம்

அப்பாவுக்கு வசுதாவின் நமஸ்காரம். போனில் உங்களுக்குக் காது கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலை பிளாஸ்டிக் கழிவை உருக்கி, மரத்துக்குப் பதிலாகப் பலகை செய்கிறது. தரம் பார்ப்பது என் வேலை. இந்தப் பலகை வெயிலில் நீளும். கேன்டீன் வாசலில் இதே பலகையால் தளம் போட்டபோது பலகை முனைகளுக்கு நடுவே அரை விரல் இடைவெளி விடச் சொன்னேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று மேனேஜர் நெருக்கி அடிக்கச் சொல்லிவிட்டார். விருந்தினர்கள் வந்த மதியம் தளம் முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஒருவர் தடுக்கி விழுந்தார், அடியில்லை.

"மரம்னா நம்ம பேச்சக் கேக்கும் மேடம். இது வெயில் பேச்சத்தான் கேக்குது," என்று சிரித்தார் தளத்தை அடித்த தச்சர் கோதண்டம். பிறகு மெதுவாக, "என்னிய அனுப்பிடுவாங்களா?" என்றார்.

"தச்சர் தப்புன்னு ரிப்போர்ட் குடுத்துடுங்க மேடம், முடிஞ்சுது," என்றார் மேனேஜர். யார் சொல்லி நெருக்கி அடித்தார்கள் என்பதைப் பெயரோடு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று நாளாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றப் போவதில்லை. மேலே இருப்பவர்களிடம் மோதாதே என்பீர்கள். தெரிந்துதான் மோதினேன்.

என் பழைய வெள்ளெழுத்துக் கண்ணாடியை அனுப்புங்கள்; இங்கிருந்தது உடைந்துவிட்டது. எதிர்வீட்டு நாய் எத்தனை குட்டி போட்டது என்பதையும் எழுதுங்கள். தீபாவளிக்கு வருவேன், வேலை போனால் அதற்கு முன்பே. எப்படியும் என் கட்டிலில் நீங்கள் அடுக்கியிருக்கும் பேப்பர்களை எடுத்துவிடுங்கள்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

வசுதா