பனியன் துணியில் ஏறிய செல்வி

12.7.2008, சனிக்கிழமை

தலைமையாசிரியை கேட்டது இன்னும் காதை விட்டுப் போகவில்லை. "ஏனுங்க டீச்சர், வயசுக்கு வந்த புள்ளைங்களத் துணியில தொங்க விடறீங்களே, பாக்கறவங்க வேற மாதிரி நெனைக்க மாட்டாங்களா?"

வேறு மாதிரி என்றால் தூக்கு. அந்த வார்த்தைதான் அவர் வாயில் வரவில்லை.

தொங்கும் துணியைக் காலில் சுற்றிக்கொண்டு மேலே ஏறுவதும் உடற்பயிற்சிதான். கோவையில் நடந்த உடற்கல்வி ஆசிரியர் முகாமில் நானே ஏறிப் பழகினேன். தப்பு நான் இங்கே மாட்டிய துணியில்தான். இந்த ஊரில் துணிக்கா பஞ்சம் என்று பனியன் கம்பெனியில் மிஞ்சிய துணியை வாங்கி, பள்ளி ஹாலின் உத்தரத்தில் கொக்கி அடித்து மாட்டிவிட்டேன். ஒன்பதாம் வகுப்புச் செல்வி பாதி தூரம் ஏறினாள். துணி இழுபட்டு இழுபட்டு அவளை மெதுவாகத் தரையில் உட்கார வைத்துவிட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் தலைமையாசிரியை உள்ளே வந்தார்.

"விழுந்திருந்தா யாருங்க பதில் சொல்றது?"

"விழலீங்க மேடம். உக்காந்தா."

முறைத்தார். "மொதல்ல அந்தத் துணியக் கழட்டுங்க."

இதே செல்வி தினமும் சாயங்காலம் வீட்டில் குனிந்தபடியே கம்பெனிப் பனியன்களுக்குப் பிசிறு நூல் வெட்டுகிறாள். அவள் முதுகு வளைவதைப் பார்த்து யாரும் எதுவும் நினைப்பதில்லை. இன்று ஏறும்போது அந்த முதுகு நிமிர்ந்திருந்தது. நான் பார்த்தேன்.

துணியைக் கழற்றிவிட்டேன். கொக்கியைக் கழற்றச் சொல்லி அவர் சொல்லவில்லை. அது அங்கேயேதான் இருக்கிறது. திங்கட்கிழமை இழுபடாத துணியோடு போவேன். முதலில் நான் ஏறுவேன். பார்க்கிறவர்கள் நன்றாக அண்ணாந்து பார்க்கட்டும்.